வேல்மலையில் நான் சொல்லாத பெயர்

முத்து, கல் வெட்டுகிறவரிடம் சொல்லி, உளியை இன்னும் எடுக்க வேண்டாம் என்று நிறுத்து. முதலில் அதைச் செய், பிறகு உட்கார்ந்து இதைப் படி. நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சலவைக்கல்லில் மேலே பர்மிய எழுத்து, கீழே தமிழ் எழுத்து, ஓரத்தில் ஒரு மயில். அழகாகத்தான் இருக்கிறது. "எங்கள் தந்தை கோ டின் வின் நினைவாகவும், குரல் போகும்வரை அவரைக் கூப்பிட்ட எங்கள் தாயின் அன்புக்கு அடையாளமாகவும் இந்தக் கைப்பிடி" என்று போட்டிருக்கிறாய். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெயிலில் நின்றுகொண்டே நீ வருஷக்கணக்கில் மனதில் வைத்திருந்த காரியம் இது. தைப்பூசத்துக்குச் சண்டாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து, உன் அப்பா விழுந்த இடத்தில் இரும்புக் கைப்பிடி போட்டு, கல்லைப் பதித்து, பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்கிறாய். கைப்பிடி போடு. அது நல்ல காரியம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கல்லில் இருக்கிற இரண்டு விஷயமும் தப்பு. ஒன்று உனக்குத் தெரியாமல் வந்த தப்பு. மற்றது நான் உனக்குச் சொல்லி வளர்த்த பொய்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ என் குரலைக் கேட்பாய், நான் சொல்வதைக் கேட்க மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் இந்தத் தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையானாலும் அச்சுக்குப் போகும் முன்னால் என் கண்ணில் பட்டுத்தான் போகும். மாவுச் சட்டி பக்கத்தில் உன்னை உட்கார வைத்து, கையைப் பிடித்து அ, ஆ எழுத வைத்தவளும் நான்தான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். இதை இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. மற்றது கோயில் விழா மலரில் போடுவதற்கு. நம் வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு என்று நீ கேட்பாய். நாற்பது வருஷமாக ஊர் கேட்கத்தானே அந்தப் பொய் நின்றது. மெய்யை மட்டும் உன் காதில் குசுகுசுவென்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

என் குரல் உனக்குப் பிடிக்கும். மற்றவர்களுக்கு அது உமியைத் தேய்க்கிற சத்தம். ரங்கூனில் பபேடான் நடைபாதையில் நான் தோசை சுட்டு விற்ற நாளில், பள்ளிக்கூடம் விட்டு வரும் நீ பஸ் இரைச்சலுக்கும் சந்தை இரைச்சலுக்கும் நடுவில் என் குரலைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்துவிடுவாய். ஒரு தடவை தோசை வாங்க வந்த ஒரு பர்மியப் பெண், "அக்காவுக்கு ஜலதோஷமா?" என்று கேட்டாள். நீ எட்டு வயசுப் பிள்ளை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் மொழியிலேயே, "ஜலதோஷம் இல்ல. எங்க அப்பா மலையிலேர்ந்து விழப் போனப்ப அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போன குரல் இது" என்றாய். அந்தப் பெண் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டாள். நான் கல்லில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. நீ அதை அடக்கம் என்று நினைத்தாய்.

உன் அப்பாவுக்கு இரண்டு பெயர் இருந்தது உனக்குத் தெரியும். இங்கே நம்மவர்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் அடையாளச் சீட்டுக்கும் ஒரு பர்மியப் பெயர், வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு தமிழ்ப் பெயர். டின் வின் என்பது அவருடைய காகிதப் பெயர், முன்னால் வருகிற 'கோ' பர்மியர் ஆண்களுக்கு வைக்கிற மரியாதை. அந்தப் பெயரை நான் தாராளமாகச் சொல்வேன். வார்டு அலுவலகத்தில் குடும்பப் பட்டியல் எழுதுகிறவர் "புருஷன் பெயர்?" என்று கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவேன், நாக்கு கூசாது. அது அவர் இல்லை, அவருடைய சட்டை மாதிரி. தமிழ்ப் பெயர்தான் அவர். அதை நான் சொன்னதே இல்லை. பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று என் அம்மா சொல்லியிருந்தாள், அவள் அம்மா அவளுக்குச் சொல்லியிருந்தாள். கோயிலில் அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்தால் ஐயர் பெயர் கேட்பார். நான் பக்கத்தில் நிற்கிற பார்வதி அக்காவைப் பார்ப்பேன். பார்வதி அக்கா நம் கீழ்மாடியில் இருந்தவர், உனக்கு அவல் பாயசம் கொடுப்பாரே, அவர்தான்.

"ஏன்டி, சாமி முன்னாடியும் என் வாய்தான் வேணுமா?" என்பார்.

"சொல்லுங்கக்கா, ஐயர் காத்துக்கிட்டு நிக்கிறாரு."

"சொல்றேன். நான் செத்தப்புறம் உன் வீட்டுக்காரருக்கு அர்ச்சனையே கிடையாது, பாத்துக்க."

இப்படிச் சொல்லிவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உன் அப்பாவின் பெயரை அக்காவே சொல்வார். அதுதான் எங்களுக்குள் வழக்கம். என் புருஷன் பெயர் பார்வதி அக்கா வாயில் இருந்தது.

உன் அப்பா துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து மூட்டைகளைத் தூக்கிக் கரையில் இறக்குகிற இயந்திரம். ஒரே கப்பலில் நாலு வின்ச் ஓடும். கீழே ஆள் நிற்கிற இடத்தில் பாரம் இறங்கினால் "நிறுத்து" என்று யாரும் கத்த மாட்டார்கள், ஏனென்றால் "நிறுத்து" நாலு பேருக்கும் பொது, நாலு பேரும் அது அடுத்தவனுக்கு என்று நினைப்பார்கள். ஓட்டுகிறவன் பெயரைத்தான் கத்துவார்கள். வீட்டில் அவனை அழைக்கிற பெயரை. தன் பெயர் காதில் விழுந்த நொடி கை தானாக நின்றுவிடும், யோசித்து நிறுத்துவது இல்லை. அவர் தூங்குகிறபோது அவருடைய அம்மா அவர் பெயரைச் சொன்னால்கூட அவர் வலது கை இழுத்துப் பிடிக்கும், நான் பார்த்திருக்கிறேன். அதை வைத்து என்னைக் கேலி செய்வார். "என்னை நிறுத்துற பிரேக் எதுன்னு உனக்கு நல்லாத் தெரியும். நீதான் மிதிக்க மாட்டேங்கிற" என்பார். நான் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். உள்ளே போய்ச் சிரிப்பேன்.

இனி மலைக்கு வருகிறேன். நீ நாலு வயசு, அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியும் உடம்பு தேறவில்லை, உன்னை உன் அப்பத்தாவிடம் விட்டுவிட்டுப் போனோம். பா-அன் போகும் வழியில் இருக்கிற அந்தக் குன்றுக்குப் பர்மியர்கள் வேறு பெயர் சொல்வார்கள். உச்சியில் பயா, அவர்களுடைய புத்தர் கோயில், இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு குகையில் எந்தக் காலத்திலோ நம்மவர் ஒருவர் வேல் ஊன்றிவிட்டுப் போயிருக்கிறார், அதனால் நமக்கு அது வேல்மலை. தட்டோன் வரை ரயில், அங்கிருந்து லாரி. இருபத்தைந்து முப்பது பேர் போனோம். நான் ரங்கூனை விட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தன்லியின் ஊரைத் தாண்டிப் போனதே அதுதான் முதல் தடவை. மலை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக மேடாகி ஏறும் என்று நினைத்திருந்தேன். அந்த ஊர் மலைகள் அப்படி இல்லை. வயல் தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும், சட்டென்று நடுவில் ஒரு சுண்ணாம்புப் பாறை கிணற்றுச் சுவர் மாதிரி நெட்டுக்குத்தலாக நிற்கும். அதற்கு அடிவாரம் என்பதே கிடையாது. தண்ணீர் அரித்து அரித்து உள்ளெல்லாம் பொந்து. சில இடத்தில் பாறை மேல் காலைத் தட்டினால் காலிப் பானையைத் தட்டின மாதிரிச் சத்தம் வரும். பயா மலை என்பதால் கீழேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். படி கட்டாத இடத்தில் பாறை தேங்காய்த் துருவி மாதிரி காலைக் கீறும்.

விடிந்து ஏறத் தொடங்கினோம். மார்கழிப் பனி இன்னும் விடவில்லை. முதல் திருப்பத்தில் யாரோ தர்மத்துக்குத் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார்கள். அங்கே நின்று பார்த்தால் கீழே வயல் இல்லை, ஆறு இல்லை, நாங்கள் வந்த லாரி இல்லை. வெள்ளையாகப் பனி மட்டும் கடல் மாதிரி பரந்து கிடக்கிறது. அதில் மற்ற மலைகளெல்லாம் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு தீவு தீவாக நிற்கின்றன. தூரத்தில் ஸ்வெகபின் பெரிய மலை. என் வாழ்க்கையில் நான் பார்த்த அழகு எது என்று கேட்டால் அதுதான், முத்து. அதற்குப் பிறகு எதையும் அழகு என்று பார்க்க எனக்குப் பயம். உன் அப்பா ஒவ்வொரு மலையாகக் காட்டிப் பெயர் வைத்துக்கொண்டே வந்தார். அது நந்தி, இது கவிழ்த்த அண்டா, அது உன் அப்பத்தா கோபமாக உட்கார்ந்திருக்கிற மாதிரி. "எல்லாத்துக்கும் பேர் வெச்சாச்சு. நீ ஒரு பேர் சொல்லணும், அதுதான் பாக்கி" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

முக்கால்வாசி ஏறின பிறகு ஒரு வளைவு. அங்கே நிழலில் எல்லோரும் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தார்கள். வளைவுக்குக் கீழே இடது பக்கம் பாறையில் ஒரு விளிம்பு போகிறது. அதன் கோடியில் பாறை ஓட்டையாகி ஜன்னல் மாதிரி இருக்கிறது, அது வழியாகப் பார்த்தால் தன்லுவின் ஆறு முழுக்கத் தெரியும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உன் அப்பாவுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. "நான் பார்த்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று இறங்கிப் போனார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. மேலே வளைவில் நின்ற எனக்கு அவர் நடக்கிற இடம் தெளிவாகத் தெரிந்தது. அவருக்குப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் கொடி படர்ந்து பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. காற்று இல்லை. பக்கத்து மரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. ஆனால் அந்தக் கொடியின் இலைகள் மட்டும் அடியிலிருந்து மெதுவாக எழும்பி எழும்பி அடங்கின. கொதிக்கிற பானையின் மூடி ஆடுமே, அப்படி. அடுப்படியில் நிற்கிறவளுக்கு அதைப் பார்த்தால் போதும். அந்தக் கொடிக்கு அடியில் தரை இல்லை, மலையின் பொந்து மூச்சு விடுகிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

இப்போது சொல்வதை மெதுவாகப் படி. நான் "என்னங்க" என்று கத்தினேன். என்னைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள் சாப்பிட வரச் சொல்லி அவரவர் புருஷனை "என்னங்க, என்னங்க" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், வருகிறேன், நீ சாப்பிடு என்கிற மாதிரி. "கோ டின் வின்" என்று கத்தினேன். படியில் ஏறிக்கொண்டிருந்த மூன்று பர்மிய ஆண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருவர் "என்ன தங்கச்சி?" என்று கேட்கவும் செய்தார். உன் அப்பா திரும்பவில்லை, அந்தப் பெயரில் அவரை யாரும் ஆசையாகவோ அவசரமாகவோ அழைத்ததே கிடையாது. அவரை நிறுத்துகிற பெயர் ஒன்றுதான். அது எனக்குத் தெரியும். தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பார்வதி அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கி, "அக்கா, கூப்பிடுங்க அவரை" என்றேன்.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து கீழே ஒன்றும் தெரியாது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "யாரை? புளிச்சோறு திங்கக் கூப்பிடக்கூட என் வாய்தானா? முருகன் மலைடி இது. இங்க சொன்னா குத்தம் ஒட்டாது, நீயே சொல்லேன்" என்றார்.

அவ்வளவு நேரம்தான். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம். நான் திரும்பிப் பார்த்தபோது விளிம்பில் ஆள் இல்லை. கொடியில் ஒரு கிழிசல் இருந்தது, அதைச் சுற்றி இலைகள் முன்பு மாதிரியே எழும்பி அடங்கிக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் சொன்னேன். விளிம்பு வரை ஓடிப் போய், பாறையைப் பிடித்துக்கொண்டு, அவர் பெயரை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். எதிரே நிற்கிற மலை அதை அப்படியே வாங்கித் திருப்பிச் சொன்னது. என் குரலில்தான் சொன்னது, ஆனால் நிதானமாக, சரியாகக் கூப்பிடத் தெரிந்தவள் கூப்பிடுகிற மாதிரி. இரண்டாவது தடவை சொன்னேன், அதையும் சொன்னது. மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு என் குரல் போகவில்லை, முத்து. இரண்டே தடவை. அதுவும் அவர் போன பிறகு. ஏன் அதோடு போயிற்று என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டேன், தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

கீழ் ஊரிலிருந்து ஆட்கள் கயிறு கொண்டுவந்தார்கள், மறுநாள்தான் எடுக்க முடிந்தது. அங்கேயே எரித்துவிட்டோம். ரங்கூனுக்குத் திரும்பி வந்தபோது உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் அப்பத்தா நடுவீட்டில் உட்கார்ந்திருந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. "நீ அவனைக் கூப்பிடலையா?" என்று மட்டும் கேட்டார். வின்ச்காரனைப் பெற்றவர், அவருக்குத் தெரியாதா. நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பார்வதி அக்கா சொன்னார், "கூப்பிட்டாம்மா. பேரைச் சொல்லியே கூப்பிட்டா. தொண்டை கிழிஞ்சு போச்சு, பாருங்க, பேச்சு வரல." உன் அப்பத்தா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லோரும் அழுதார்கள். வராத என் குரலே அந்தப் பொய்க்குச் சாட்சியாகிவிட்டது. மூன்று மாதம் கழித்துக் கரகரவென்று குரல் திரும்பியபோது, அந்தக் கதை லத்தா மார்க்கெட் வரை போய்விட்டது. புருஷன் பெயரைச் சொல்லி ஆயுசைக் குறைக்காதவள், அவன் ஆயுசுக்காகப் பெயரையும் சொன்னவள் என்று எனக்கு இரண்டு பக்கமும் மரியாதை. விதவை என்று தள்ளி வைக்காமல் கல்யாண வீட்டில்கூட முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் உட்கார்ந்தேன். அந்த மரியாதையில்தான் நீ வளர்ந்தாய், அதனால் அதை உதற எனக்குத் தைரியம் வரவில்லை.

நம் வீட்டுப் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்குகிற கயிறு ஞாபகம் இருக்கிறதா, நுனியில் கிளிப்பும் மேலே மணியும் கட்டினது. ஐந்து மாடி ஏறாமல் சாவியும் பேப்பரும் ஏற்றி இறக்க எல்லா வீட்டிலும் தொங்குமே. உன் அப்பா வேலை முடிந்து வந்தால் கீழே நின்று மூன்று தடவை இழுப்பார், நான் எட்டிப் பார்ப்பேன். பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய், நான் வேண்டாம் என்கிறேன். பட்டப்பகலில் அது மூன்று தடவை அடிக்கும், முத்து. எட்டிப் பார்த்தால் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். காற்று என்று வைத்துக்கொள். காலையில் அவித்த பயறு விற்கிற பெண் தெருவில் கூவிக்கொண்டு போவாள், இந்த உயர உயரமான கட்டிடங்களுக்கு நடுவில் அவள் குரல் இரண்டு தடவை முட்டித் திரும்பும். நான் கரண்டியை வைத்துவிட்டு நின்றுவிடுவேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். மூன்றாவது வராது. வராதபோதுதான் மாடிப்படியில் யாரோ நின்று காத்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். கதவைத் திறந்து பார்ப்பதை நான் நிறுத்தி வெகுநாள் ஆயிற்று. அவர் கோபமாக வந்து நின்றால் தாங்கிக்கொள்வேன். கூப்பிடட்டும் என்று பொறுமையாக நிற்கிறார், அதுதான் தாங்கவில்லை.

இதில் சண்டாவுக்கு நான் செய்த ஒரு பிழையும் இருக்கிறது, அவளுக்கும் இதை வாசித்துக் காட்டு. நீ அவளைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் ஒருநாள் மூன்று பேரும் மார்க்கெட்டுக்குப் போனோம். நீ ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது பின்னால் லாரி வந்தது. அவள் "கோ முத்து" என்று தெருவே திரும்புகிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். நீ நின்றாய், லாரி போயிற்று. நான் வீட்டுக்கு வந்து அவளை உட்கார வைத்து, நடுத்தெருவில் புருஷன் பெயரைக் கூவுகிற பழக்கமெல்லாம் இந்த வீட்டில் வேண்டாம், அவன் ஆயுசுக்கு ஆகாது என்றேன். பாதி பர்மியப் பெண், வாய் ஜாஸ்தி. "அப்படின்னா உங்க ஆளுங்கள்ல ஆம்பளை எல்லாரும் நூறு வயசு இருந்தாங்களா அம்மா?" என்று கேட்டாள். மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. அவள் மரியாதை இல்லாமல் பேசிவிட்டாள் என்று நீ அவளைத் திட்டினாய். அவளிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும், நானும் கேட்க வேண்டும். லாரி முன்னால் அவள் செய்ததுதான் பெண்டாட்டி செய்ய வேண்டியது. உன் மகளுக்கும் அதையே சொல்லிக் கொடு. ஆபத்தில் வாய் திறக்கிறபோது எது மரியாதை என்று தேடக் கூடாது. இன்னொருவர் வாயை இரவல் கேட்கவும் கூடாது.

போன ஆடியில் பார்வதி அக்கா போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். போவதற்கு இரண்டு நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். படுக்கை பக்கத்தில் உட்கார்ந்தேன். "கெட்ட எண்ணத்துல சொன்ன பொய்யில்லடி அது, உனக்காகத்தான் சொன்னேன்" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். அப்புறம், "உனக்காக மட்டும் இல்ல" என்றார். "நான் அன்னைக்குக் கேலி பண்ணாம கூப்பிட்டிருந்தா? உன்னைக் காப்பாத்துற மாதிரி என்னைக் காப்பாத்திக்கிட்டேன். இத்தனை வருஷமா கோயில்ல மோட்ச விளக்குக்கு அவன் பேரைச் சொல்றப்பல்லாம் நாக்கு பொசுங்கும்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இனிமே அவனுக்கு யாருடி பேர் சொல்லுவா?" என்று கேட்டார். சொன்ன மாதிரியே ஆயிற்று. அவர் போன பிறகு உன் அப்பா பெயருக்கு மோட்ச விளக்குகூட இல்லை. சீட்டு வாங்குகிறேன், ஐயர் முன்னால் நிற்கிறேன், வாய் வரவில்லை. தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். இந்த நிலையில்தான் உன் கல் படம் வந்தது. குரல் போகும்வரை கூப்பிட்ட தாய் என்று. உளி வெட்டினால் அழியாதே, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இதைப் படித்த பிறகு உனக்கு என் மேல் எது வந்தாலும் அது நியாயம்தான். என் குரலைக் கேட்டால் வெறுப்பாக இருந்தால் கொஞ்ச நாள் போன் பண்ண வேண்டாம். உன்னைப் பாசமாக வளர்த்தேனே என்று இடையில் வந்து நிற்க மாட்டேன். ஆனால் தைப்பூசத்துக்கு வருவதை மட்டும் நிறுத்தாதே, கைப்பிடியை நிறுத்தாதே. இனி அந்த விளிம்புக்குப் போகிறவன் இன்னொருத்தி புருஷனாக இருப்பான். வழி நிலவரம் பார்த்து, எப்போது போகலாமோ அப்போது போவோம். என்னை யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். உன் படம் வந்த நாளிலிருந்து நம் மாடிப்படியைக் காலையில் நாலு தடவை, சாயங்காலம் நாலு தடவை ஏறி இறங்குகிறேன், கையில் கைத்தடி இல்லாமல். மூன்றாம் மாடியில் இருக்கிற டோ எய், "அக்கா எங்கே ஓடிப் போகப் பாக்குறீங்க?" என்று கிண்டல் பண்ணுகிறாள். நீ கூட்டிக்கொண்டு போகவில்லை என்றாலும் நான் போவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல் வெட்டுகிறவரிடம் புதிதாக எழுதிக் கொடு. கோ டின் வின் வேண்டாம், அந்தப் பெயருக்கு அவர் திரும்பவில்லை. என் குரல் வேண்டாம், தாய் என்ற சொல்லும் வேண்டாம். மயில் இருந்தால் இருக்கட்டும். அவருடைய பெயர் மட்டும் போதும், தமிழில், வளைவில் நின்று பார்க்கிறவள் கண்ணுக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக. பர்மிய ஆள் வெட்டுகிறார், எழுத்துத் தப்பிவிடக்கூடாது, அதனால் நானே எழுதிக் காட்டுகிறேன். இந்த ஒரு வரிக்கு முன்னால் இரண்டு நாள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலையில் இரண்டு தடவை சொன்னேன், முத்து. இது மூன்றாவது.

கதிரேசன்.